ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?

ஒவ்வொரு மே மாதமும் பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு சதவீதப் பட்டியலும் வந்துவிடும். 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சி மாநில அளவில் 95.03, அரசுப் பள்ளிகளில் 91.94. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தனியார் பள்ளி வாசல்களில் 'நூற்றுக்கு நூறு' பேனர் ஏறும். பக்கத்துத் தெரு சென்னைப் பள்ளி, பழைய பேச்சில் கார்ப்பரேஷன் ஸ்கூல், எண்பத்துச் சொச்சம் எடுத்திருந்தால் 'அங்க யாரு படிக்கிறா' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மாநில முதலிடம் அறிவிப்பதை அரசு 2017-இல் கைவிட்டது. மாணவரை வரிசைப்படுத்துவது நின்றது. பள்ளியை வரிசைப்படுத்தும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. வட சென்னையைப் பொறுத்தவரை அந்த வரிசையை நம்புவதற்கில்லை.

தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. எழுத வராதவன் அதில் இல்லவே இல்லை. ஒரு பேச்சுக்கு இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் நூறு பேர். முதல் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவது 70 பேர், தேறுவது 63 பேர்: 90 சதவீதம். இரண்டாவதில் 92 பேர் எழுதி 78 பேர் தேறுகிறார்கள்: 85-க்கும் கீழே. முதல் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சால்வை, இரண்டாமவரிடம் விளக்கக் கடிதம். ஆனால் பதினைந்து பிள்ளைகளைக் கூடுதலாகக் கரையேற்றியது இரண்டாவது பள்ளிதான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் சலித்தெடுக்கும் வேலை ஒன்பதில்தான் தொடங்கும். "வேற ஸ்கூல்ல சேத்துக்கங்க" என்று நைச்சியமாகச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டுச் சதவீதம் தானாக ஏறும். வெளியே அனுப்பும் வசதி உள்ள பள்ளிக்கு இது சுலபம். அப்படி அனுப்பப்பட்டவனையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு அந்த வழி கிடையாது.

சேர்பவர்கள் யார் என்று பார்த்தால்தான் மீதி விளங்கும். கையில் கொஞ்சம் காசுள்ள வீட்டுப் பிள்ளை மெட்ரிக் பள்ளிக்குப் போகும். அடுத்த அடுக்கு, ராயபுரம் பக்கம் பழைய கிறிஸ்தவ சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு. மிச்சமெல்லாம் மாநகராட்சிப் பள்ளிக்கு: காசிமேட்டில் படகில் கூலிக்குப் போகிறவர், கன்டெய்னர் யார்டில் சுமை ஏற்றுகிறவர், டிரெய்லர் ஓட்டுநர், வீட்டுவேலை செய்யும் தாய், சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம். கூடையோடு அம்மா கிளம்பிவிட்டால் தம்பி தங்கையை எழுப்பிக் கிளப்புவது பெரிய பிள்ளையின் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முடிவும் பிளஸ் ஒன் சேர்க்கையும் வருவது சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான். பையன் ஒருவன் லாரி கிளீனராகப் போக முடிவெடுக்க இதைவிடத் தோதான பருவம் இல்லை. மாநில அளவிலேயே 2025 பிளஸ் டூவில் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16 என்றால், துறைமுகக் கூலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் பையன்களைப் பிடித்துவைப்பது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள்: மிக்ஜாம் புயல் வெள்ளம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம், 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியாக் கசிவு. எல்லாம் ஒரே மாதத்தில். அடுத்த மார்ச்சில் தேர்வு எழுதிய பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டித்தான் வந்தார்கள்.

'இதெல்லாம் சாக்கு, ஆசிரியர் ஒழுங்காக நடத்தினால் ஏழைப் பிள்ளையும் தேறும்' என்பார்கள். பாதி உண்மை. ஆசிரியர் காலியிடமும் அக்கறைக் குறைவும் இருக்கும் இடங்களில் அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ராயபுரத்துக்காரர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை அங்கே இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோட மாட்டார்கள். மற்ற இடங்கள் கைவிரித்த நோயாளியும் அங்கேதான் வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? வீட்டுச் சுமையைக் குறைத்தால் பள்ளிக் கணக்கு மாறும் என்பதும் புதுக் கண்டுபிடிப்பில்லை. வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதே வருகையைக் கூட்டத்தான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: குடும்ப நிலைக்கு ஏற்பப் பள்ளியை அளந்தால், குப்பத்துப் பிள்ளை இவ்வளவுதான் படிக்கும் என்று நாமே எழுதிவைத்ததாகாதா? இங்கிலாந்தில் இதே கேள்வி எழுந்தது. 2006-இல் குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்த ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து, ஏழைகளிடம் குறைவாக எதிர்பார்க்க வைக்கிறது என்ற குறை எழவே பின்னர் கைவிட்டார்கள். 2016-இல் வந்த முறை குடும்பத்தைப் பார்க்கவில்லை. ஆரம்பப் பள்ளி முடித்தபோது பிள்ளை எங்கே இருந்தது, பதினாறு வயதில் எங்கே வந்தது என்று மட்டும் பார்த்தது. இது நமக்கும் பொருந்தும். சாதிக்கும் வருமானத்துக்கும் தள்ளுபடி வேண்டாம். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசித்தவன் பத்தாம் வகுப்பில் என்ன எழுதினான் என்று பார்த்தால் போதும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. யார் எந்த வகுப்பில் காணாமல் போனார் என்று அதைவைத்தே கண்டுபிடிக்கலாம்.

அதுவரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த மே மாதம் சதவீதத்தை வாசித்துக் காட்டும்போது, ஏலத்துக்குப் போய் வந்த அம்மாவே எழுந்து கேட்கலாம்: "இவங்க ஒம்பதாவது படிக்கும்போது எத்தன பேரு இருந்தாங்க சார்?"