பழைய கைக்கடிகாரத்துக்குப் புதுக் கண்ணாடி: எது அசல்?

1971 ஆகஸ்டு. அப்பல்லோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட், நிலவில் இரண்டாவது நடையை முடித்துக்கொண்டு கலத்துக்குள் ஏறியபோது தன் மணிக்கட்டைப் பார்த்தார். விண்வெளி உடையின் மேல் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் டயல் இருந்தது, முட்கள் இருந்தன, கண்ணாடியைக் காணவில்லை. எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மூன்றாவது நடைக்கு, மாற்றாக வைத்திருந்த புலோவா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நிலவு மண்ணைத் தொட்டு வந்த அந்தப் புலோவா, 2015-இல் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

நாசாவின் கடுமையான சோதனைகளில் தேறிய கடிகாரம் ஸ்பீட்மாஸ்டர். அதிலேயே முதலில் கைவிட்டது கண்ணாடிதான். அலமாரியில் தூங்கும் பழைய கடிகாரங்களிலும் பெரும்பாலும் முதலில் கெடுவது அதுதான்: கீறல் விழும், மஞ்சளாகும், ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும். மாற்றவேண்டிய நிலை வரும்போது கடைக்காரர், “சபையர் போட்டுடலாம் சார், கீறலே விழாது” என்பார். அதற்குத் தலையாட்டும் முன் கடிகாரக் கண்ணாடியின் அறிவியலைத் தெரிந்துகொள்வது நல்லது.

போர்க்களம் தந்த பிளாஸ்டிக்

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்கள் கட்டிய கைக்கடிகாரங்களில் மெய்யான கண்ணாடிதான் இருந்தது. அது உடையாமல் காக்க, மேலே உலோகக் கம்பிவலை மாட்டினார்கள். பிறகு ‘உடையாத கண்ணாடி’ என்ற பெயரில் செல்லுலாய்டு வந்தது. அது உடையவில்லை, ஆனால் மஞ்சளானது, சுருங்கியது, எளிதில் தீப்பிடித்தது. நாட்பட்டுச் சிதையும் செல்லுலாய்டு நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகு முட்களைத் துருவாக்கும், டயலை அரிக்கும்.

இதற்கு விடையாக வந்தது அக்ரிலிக். வேதியியலில் அதன் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். 1933-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் அதைப் பிளெக்ஸிகிளாஸ் என்று பதிவு செய்தது. பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்று விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின் போர்விமானங்களுக்கு விமானி அறையின் கூரையாக அமைந்தது இதுதான். கூரை நொறுங்கியபோது அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தன. அவற்றைக் கண் ஏற்றுக்கொண்டு அமைதியாக இருப்பதை லண்டன் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949-இல் அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை, கண்புரை நீக்கிய ஒருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பாகத் தொடங்கிய ஆரோலேப் இத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் தயாரித்து லட்சக்கணக்கானோருக்குப் பார்வை கிடைக்க வழிசெய்தது. உங்கள் தாத்தாவின் கடிகாரத்தில் இருக்கும் கண்ணாடியும், பாட்டியின் கண்ணுக்குள் வைத்த லென்ஸும் ஒரே பொருளாக இருக்கலாம்.

ஸ்பீட்மாஸ்டரில் இந்த அக்ரிலிக்குக்கு ஹெசலைட் என்று வணிகப் பெயர். எடையின்மை நிலவும் விண்கலத்துக்குள் கண்ணாடி நொறுங்கினால் அதன் ஊசித்துகள்கள் மிதந்து கண்ணிலும் மூச்சிலும் ஏறும். அக்ரிலிக் விரிசல் விடும், ஆனால் தூளாகச் சிதறாது.

கடினம் மட்டும் போதுமா?

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அக்ரிலிக் ஏறத்தாழ 3, சாதாரண மினரல் கண்ணாடி 5.5 அளவு, சபையர் எனும் செயற்கை நீலக்கல் 9. காற்றில் பறக்கும் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. மணல் அக்ரிலிக்கைக் கீறும், மினரல் கண்ணாடியைக் கீறும், சபையரிடம் தோற்கும். கடைக்காரர் சொல்வது இந்த மட்டில் உண்மை.

ஒளியின் கணக்கு வேறு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49; சபையருக்கு 1.77. இந்த எண் கூடக்கூட மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கூடும். அக்ரிலிக்கின் ஒரு பரப்பு நேர்ப்படும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். பூச்சு இல்லாத சபையர் கிட்டத்தட்ட 8 சதவீதம். மேலும் கீழுமாக இரண்டு பரப்புகள் என்பதால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சபையர் பதித்த ஸ்பீட்மாஸ்டரைச் சாய்த்துப் பாருங்கள்: டயலைச் சுற்றிப் பால்நிறத்தில் ஒரு வளையம் மின்னும். ஹெசலைட்டில் அது இல்லை. அதற்குப் பதிலாக, குவிந்த ஓரத்தில் நிமிடக் கோடுகள் இதமாக வளைந்து தெரியும். பழைய கடிகாரத்தின் முகவெட்டு என்று நாம் ரசிப்பதில் பாதி இந்த வளைவுதான். டயலை வடிவமைத்தவர் அதைப் பார்த்தது அக்ரிலிக் வழியாக. சபையர் போட்டால் அவர் பார்க்காத முகத்தை நாம் பார்க்கிறோம்.

பிடிப்பின் ரகசியம்

பழைய கடிகாரங்களில் பலவற்றில் கண்ணாடி ஒட்டப்பட்டிருப்பதில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. கேஸின் பள்ளத்தைவிட அக்ரிலிக் 0.1 அல்லது 0.2 மி.மீ. பெரிதாக இருக்கும். ரிப்பேர்க்காரர் பல நகங்கள் கொண்ட ஒரு வட்டக் கருவியால் அதன் ஓரத்தைக் கவ்வி, பிடியைத் திருகுவார். நகங்கள் உள்நோக்கி நெருங்க, பாதி மடக்கிய குடைபோலக் கண்ணாடி சற்றே குவிந்து குறுகும். அப்படியே பள்ளத்தில் இறக்கிப் பிடியைத் தளர்த்தினால், மெல்ல விரிந்து விளிம்பைக் கவ்விக்கொள்ளும். இன்னொரு வகையில் அக்ரிலிக்கின் உட்புறம் மெல்லிய உலோக வளையம் ஒன்று இருந்து, சுவரை எப்போதும் வெளிநோக்கி நெருக்கும். ஸ்பீட்மாஸ்டர் இந்த வகை. இதைக் கவ்வி இறக்க முடியாது. சரியான அச்சு வைத்து நேராக அழுத்தித்தான் பதிக்க வேண்டும்.

இங்கே வெப்பம் விளையாடுகிறது. ஒரே அளவு சூட்டுக்கு அக்ரிலிக், எஃகைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். 30 மி.மீ. கண்ணாடி, 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.06 மி.மீ. விரிகிறது, அதே நீள எஃகு 0.015 மி.மீ. மட்டுமே. பிடிப்பே 0.1 மி.மீ. கணக்கில் நிற்கும்போது இது சின்ன விஷயமல்ல. விரிய இடமில்லாத அக்ரிலிக் நெளியும். 100 டிகிரியை ஒட்டி இளகவே தொடங்கும். 1965-இல் முடிந்த நாசா சோதனையில் கடிகாரங்களை 71 டிகிரியில் 48 மணி நேரமும், பிறகு 93 டிகிரியில் அரை மணி நேரமும் வைத்தார்கள். போட்டியிலிருந்த லாஞ்சின்ஸ்-விட்னாயர் கடிகாரத்தின் கண்ணாடி நெளிந்து கழன்றது.

ஆகவே, ‘கிட்டத்தட்ட சரியான அளவு’ என்று ஒன்று கிடையாது. 0.1 மி.மீ. சிறியது தளரும், பெரியது விளிம்பில் தேங்கிய அழுத்தத்தால் சில மாதங்களில் விரிசல் விடும்.

அசலைத் தேடும் வழி

முதலில் கடிகாரத்தின் மாடல் எண். அது பெரும்பாலும் பின்மூடியின் உட்புறமோ வெளியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கு உரிய கண்ணாடியின் பாக எண்ணை நிறுவனத்தின் பழைய பட்டியல்களில் தேடலாம். பிறகு கழற்றிய கண்ணாடியை வெர்னியரில் அளக்க வேண்டும்: விட்டம், மொத்த உயரம், ஓரச் சுவரின் உயரம். உயரத்தை மறந்தால் நடுமுள் கண்ணாடியின் அடியில் உரசி ஓட்டமே நின்றுவிடும்.

அடுத்தது அடையாளம். ஒமேகா தயாரித்த ஹெசலைட்டின் நடுமையத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறிய ஒமேகா முத்திரை உண்டு. லூப் எனும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். முத்திரையோடு போலிகளும் விற்கின்றன. அதனால் முத்திரையோடு அளவு, குவிவு, ஓரவெட்டு நான்கும் பொருந்த வேண்டும்.

நிறுவனமே இல்லாமல் போனால்? பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் முதல் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதாவோ, கல்யாணச் சீராக வந்த வேறு எச்.எம்.டி. மாடலோ இன்னும் இருக்கிறது. அவற்றுக்கு விற்காமல் தங்கிய பழைய சரக்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அதே அளவில், அதே குவிவில், அதே அக்ரிலிக்கில் வேறு தயாரிப்பாளர் செய்ததே நேர்மையான மாற்று. பெயர் பொறித்த சபையரைவிட, பெயர் இல்லாத சரியான அக்ரிலிக் அந்தக் கடிகாரத்துக்கு நெருக்கமானது. விதிவிலக்கு செல்லுலாய்டு. அசல் என்பதற்காக அதைத் தேடிப் போடாதீர்கள். அது டயலைத் தின்றுவிடும்.

மாற்றும் முன்

பல கண்ணாடிகளை மாற்றவே வேண்டியதில்லை. அக்ரிலிக்கின் மென்மையே அதற்கு வரம். நுண்ணிய மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் ஒரு துளி எடுத்து, சூடேறாமல் சில நிமிடம் தேய்த்தால் மேலோட்டக் கீறல்கள் மறையும். சபையரில் கீறல் விழுந்தால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. விரிசல் மட்டும் மெருகுக்கு அடங்காது. அதை மாற்றத்தான் வேண்டும்.

அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட் எதையும் அக்ரிலிக் மேல் விடாதீர்கள். ஏற்கெனவே அழுத்தத்தில் நிற்கும் பிளாஸ்டிக்கில் இவை புகுந்தால் சிலந்திவலை விரிசல் பரவும். ஃபெவிகுவிக் வகைப் பசையும் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். இருட்டில் ஒளிரும் எண்களோடு 1970-களுக்கு முன் வந்த கடிகாரம் என்றால் அதைத் திறக்கவே வேண்டாம். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. உதிரும் தூளை மூச்சில் இழுப்பதே ஆபத்து. அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

மாற்றியபின் பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை தேடுபவருக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பழைய பொருளைப் பழுது பார்ப்பதென்றால் அதைச் செய்தவரின் கணக்கை மதிப்பது. கீறல் விழும் என்று தெரிந்தே அவர் அக்ரிலிக்கைத் தேர்ந்தார். மெருகேற்றலாம், மாற்றலாம், கடிகாரம் தொடர்ந்து ஓடலாம் என்பதால். அந்த முடிவு இன்றும் சரியானதே.