மூலைக் கண்ணாடி

மோட்டார் காரின் பின்புறத்தில், கடைசிக் கதவு முடிந்து கூரை சரிந்து இறங்கும் இடத்தில், ஏறக்குறைய முக்கோண வடிவில் ஒரு சிறு கண்ணாடி இருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே வெளிச்சம் தருவதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். பட்டறைகளில் இதற்குக் ‘குவார்ட்டர் கிளாஸ்’ என்று பெயர். இக்கட்டுரையில் இதை மூலைக் கண்ணாடி என்றே அழைப்போம். இது உடைந்து போனால் எவ்வாறு மாற்றுகிறார்கள், அதில் கவனிக்க வேண்டியவை எவை என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஐதராபாத் நகரம் மின்சாரக் கார்களை மிகுந்த ஆவலுடன் வரவேற்றுக் கொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரி 11-ஆம் நாள் உசேன் சாகர்க் கரையில் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. 2024 நவம்பரில் தெலங்கானா அரசு, மின்சார வண்டிகளுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் 2026 டிசம்பர் முடிய இல்லை என்று அறிவித்தது. கோடி ரூபாய்க் காருக்குச் சாலை வரி இல்லை என்றால் அது சிறு தொகையா? ஆகவே ஜூபிலி ஹில்சிலும் கச்சிபவுலியிலும் இத்தகைய கார்கள் ஓசையின்றிப் பறக்கின்றன. பறக்கும் வண்டி இருந்தால், பழுது பார்க்கும் கையும் வேண்டுமன்றோ?

இருவகைக் கண்ணாடி

காரில் உள்ள கண்ணாடிகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. முன்புறக் கண்ணாடி ‘லாமினேட்டட்’ வகையைச் சேர்ந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை வைத்து, சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டியிருப்பார்கள். 1903-இல் எடுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை தவறி விழுந்தது. அது விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே ஒரு காலத்தில் இருந்த செல்லுலோஸ் கரைசல் உலர்ந்து ஏடாகப் படிந்திருந்ததே காரணம். அவர் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் கண்ணாடியில் கல் பட்டுச் சிறு குழி விழுந்தால், அதில் பிசினை நிரப்பிச் சரி செய்துவிடலாம்.

பெரும்பாலான மூலைக் கண்ணாடிகள் மற்றொரு வகை. அது ‘டெம்பர்ட்’ எனப்படும் கடினமாக்கிய கண்ணாடி. ஏறக்குறைய 620 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, உடனே இருபுறமும் குளிர்ந்த காற்றை வீசுகிறார்கள். ஆறும் பாலின் மேல் ஆடை படிவது போல, மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்னர் உட்பகுதி ஆறிச் சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு எப்போதும் நெருக்குண்டும், உட்பகுதி இழுபட்டும் நிற்கின்றன. இந்த உட்பகையே அதன் வலிமை. அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப் போல் நான்கைந்து மடங்கு வலிவுடையது.

உட்பகை என்றேனே, அது ஒரு நாள் வெளிப்படத்தான் செய்யும். கூரான சிறு பொருள் ஒன்று நெருக்குண்ட மேற்பரப்பைத் துளைத்து உட்பகுதியைத் தொட்டுவிட்டால், கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். இந்த வியப்பை ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டனர். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டால், வாலுடைய ஒரு மணி உண்டாகும். மணியைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் அத்தனையும் தூளாகிவிடும். ரூபர்ட் இளவரசர் அவற்றை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குக் கொண்டுவந்து காட்ட, 1661-இல் அவை ராயல் சொசைட்டியின் ஆராய்ச்சிக்குச் சென்றன.

இவ்வகைக் கண்ணாடியைக் கடினமாக்கிய பின் வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. விரிசலை அடைக்கவும் வழியில்லை. உடைந்தால் முழுவதையும் மாற்றுவது ஒன்றே வழி.

கண்ணாடியின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். செய்தவர் பெயரும் தரக் குறியும் அதில் காணப்படும். நம் நாட்டில் வண்டிக் கண்ணாடிக்கான தரம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி. பலவற்றில் டெம்பர்ட், லாமினேட்டட் என்ற சொல்லும் பொறித்திருக்கும். இதைப் படிக்கத் தெரிவது உயிர் காக்கும் அறிவு. ஏனெனில், மின்சாரக் காரில் என்ஜின் இரைச்சல் இல்லை. ஆதலால் காற்றின் ஓசையும் டயரின் ஓசையும் காதில் விழுகின்றன. அவற்றைத் தடுக்க உயர்ந்த விலைக் கார்கள் சிலவற்றில் கதவுக் கண்ணாடிகளையும் லாமினேட்டட் வகையாகவே வைக்கிறார்கள். வெள்ளத்தில் வண்டி சிக்கினால், அத்தகைய கண்ணாடியை முனைச் சுத்தியால் உடைத்து வெளியேற இயலாது. எந்தக் கண்ணாடி உடையும், எது உடையாது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பட்டறையில் கண்டது

சென்ற டிசம்பரில், என் நண்பன் ஒருவனுடைய சித்தப்பாவின் மின்சாரக் காரில் மூலைக் கண்ணாடி உடைந்தது. சாலையோரத்தில் புல் வெட்டிக் கொண்டிருந்த எந்திரம் சிதறிய கல் ஒன்று பட்டதே காரணம். மாற்றுக் கண்ணாடி வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின. வேலை நடந்த அன்று நான் காலை முதல் மாலை வரை அருகிலேயே இருந்து பார்த்தேன். எல்லோரும் உஸ்தாத் என்று அழைத்த முதியவர் ஒருவர் இரண்டு இளைஞர்களுடன் அதைச் செய்தார்.

கண்ணாடியைத் தொடும் முன்பே பாதி நாள் போயிற்று. மூலைக் கண்ணாடிக்கு மேலே, கூரையின் ஓரத்தில், விபத்தின்போது விரியும் காற்றுப் பை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் முதலில் 12 வோல்ட் மின் இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் குறித்த நேரம் வரை காத்திருந்த பின்னரே உட்புறப் பலகைகளைக் கழற்றினார்கள். ஓட்டும் பாட்டரியின் அழுத்தமோ 400 வோல்ட் அல்லது 800 வோல்ட். அதன் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மெர்சிடஸ் ஈ.க்யூ.எஸ்., பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். ஆகியவற்றில் மின்னேற்றும் வாய் வலப்புறப் பின்பகுதியிலும், டெஸ்லாவில் இடப்புறப் பின்பகுதியிலும் இருக்கிறது. மூலைக் கண்ணாடிக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம். இந்த வேலைக்கு அக்கம்பிகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. தேவையில்லாததைத் தொடாதிருப்பதும் ஒரு தொழில் திறமைதான்.

பிறகு தூள் பொறுக்கும் படலம். உடைந்த துண்டுகள் இருக்கையின் மடிப்பிலும், இடுப்புப் பட்டை சுருளும் பெட்டியிலும், தகட்டின் உட்குழிவிலும் புகுந்திருந்தன. உறிஞ்சும் எந்திரத்தால் மூன்று முறை எடுத்தார்கள். பெட்ரோல் காரில் ஒரு துண்டு உள்ளே கிடந்து ஆடினால் என்ஜின் ஓசையில் மறைந்துவிடும். மின்சாரக் காரிலோ அது நாள்தோறும் கிலுகிலுக்கும்.

பசையின் வேலை

இக்கண்ணாடி ஆணியாலோ திருகாலோ மட்டும் நிற்பதன்று. பாலியூரித்தேன் என்ற பசையே அதைத் தகட்டோடு பிணைக்கிறது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட வேதிப்பொருள் இனம் அது. பழைய பசையை அறுக்க, வலிய இழை ஒன்றை உள்ளே செலுத்தி, ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் இழுத்தார்கள். மர அறுவையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இங்கேதான் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சமமாகச் சீவிவிட்டு, அதன்மேல் புதுப் பசையை வைக்க வேண்டும். புதியது பழையதோடு நன்றாக ஒட்டும். சீவும்போது கத்தி பட்டுத் தகட்டின் வண்ணம் கீறிவிட்டால், அந்த இடத்தில் பிரைமர் பூசி உலர விட வேண்டும். பூசாவிட்டால் என்ன ஆகும்? அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒன்றும் ஆகாது. இரண்டு மழைக்காலம் கழித்து, கண்ணாடியின் அடியில் துரு ஊரும். பசை தகட்டை விட்டு விலகும். நீர் உள்ளே கசிந்து கம்பிகளின் இணைப்புகளைச் சென்று சேரும். அப்போது இந்தப் பட்டறையையும் இந்தக் கீறலையும் யார் நினைக்கப் போகிறார்கள்?

உஸ்தாத் ஒரு கீறலைக் கண்டார். நகத்தின் அளவுகூட இராது. வண்டிக்கு உரியவர் பக்கத்தில்தான் நின்றார். அவர் கண்ணுக்கு அது படவில்லை. உஸ்தாத் அவரையே அழைத்துக் காட்டிவிட்டு, பிரைமர் பூசி, கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. அழகுக்கு வைத்தது என்று எண்ணியிருந்தோருள் நானும் ஒருவன். பசையை வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காமல் காக்கும் குடை அது. அந்தப் பட்டையைத் துடைத்து, அதற்குரிய பூச்சைப் பூசி, முக்கோண வடிவில் பசையை இடைவெளியின்றிப் பிழிந்தார்கள். ஓரிடத்தில் இழை அறுந்தாலும் அவ்வழியே நீர் வரும். பிறகு கண்ணாடியை நேராக வைத்து அழுத்தி, நாடாவால் ஒட்டி நிறுத்தினார்கள்.

“சாயந்தரம் எடுத்துக்கொண்டு போகலாமா, உஸ்தாத்?” என்று சித்தப்பா கேட்டார்.

“நாளைக்குக் காலையில் வாருங்கள், சார். கண்ணாடி ஒட்டியது போல இருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை” என்றார் அவர்.

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. இப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டே இறுகுகிறது. வெளிப்புறத்தில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே செல்கிறது. மிதமான வெப்பத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் இறுகலாம். சென்னையின் புழுக்கம் நமக்குப் பகை, இப்பசைக்கோ விருந்து. ஐதராபாத்தின் குளிர்ந்த, வறண்ட டிசம்பரில் அது மெதுவாகத்தான் இறுகும். வண்டியைப் பெற்ற பிறகும் ஓரிரு நாட்கள் வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவலாகாது. கதவைச் சாத்தும்போது வேறொரு சன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நெருங்கும் காற்று, இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும். பொறுத்தார் பூமியாள்வார் என்பது பசைக்கும் பொருந்தும்!

பணமும் சட்டமும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே விலை கூடியது. பல மூலைக் கண்ணாடிகள் ஓரச் சட்டத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டு ஒரே பொருளாக வருகின்றன. சிலவற்றில் வானொலி அலைவாங்கியும் பதிந்திருக்கும். முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகளுக்கோ 50 விழுக்காடு கழிப்பார்கள். ஒரு முறை பணம் கோரினால் மறு ஆண்டுக்குரிய சலுகை போய்விடலாம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 20 முதல் 50 விழுக்காடு வரை உள்ள சலுகை அது.

சட்டத்தையும் மறக்கலாகாது. மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம், கறுப்பு ஏடு ஒட்டுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. மூலைக் கண்ணாடி பக்கக் கண்ணாடியைச் சேர்ந்தது. மற்றவற்றின் நிறத்துக்கு ஒப்ப மாற்றுக் கண்ணாடி வாங்கும்போது இந்த அளவை நினைவில் கொள்க.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, நம்மில் பலர் இன்று கார் வாங்கும் நிலையில் இல்லை. நாளை வாங்கலாம், அல்லது வீட்டுப் பெரியவர்களுக்கு உதவியாகப் பட்டறைக்குப் போகலாம். போனால் நான்கு கேள்விகள் கேளுங்கள். முத்திரை பழைய கண்ணாடியோடு ஒத்திருக்கிறதா? தகட்டில் கீறல் விழுந்ததா, விழுந்த இடத்தில் பிரைமர் பூசினீர்களா? பசையின் காலாவதி நாள் என்ன? எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்லும் பட்டறையை நம்பலாம். அவசரப்படுத்தும் வாடிக்கைக்காரர்தான் நல்ல தொழிலாளியைக் கெடுக்கிறார் என்பதையும் உணர வேண்டும்.

விஞ்ஞானமும் பொறியியலும் பயிலும் தோழர்களுக்கு இன்னொரு சொல். கண்ணாடி நமக்கு அயல் பொருள் அன்று. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2000-இல் பெரிய மிதவைக் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. இங்கே தார்நாக்காவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையத்தில் பாலிமர் ஆராய்ச்சி நடைபெறுகிறது. வறண்ட குளிரிலும் விரைவாக இறுகும் பசை, உடைந்த பின் மீண்டும் உருக்கிப் பயன்படுத்த ஏற்ற ஓரச் சட்டம் என்று ஆராயத் தகுந்த பொருள்கள் இதிலேயே எத்தனையோ உள்ளன.

ஒட்டிய கண்ணாடியின் நன்மை தீமையை அன்றைக்கே கண்ணால் கண்டு சொல்ல எவராலும் இயலாது. மழையும் காலமுமே அதற்குச் சாட்சி. அதனால்தான் அவ்வேலையில் அறிவோடு நேர்மையும் சேர வேண்டியிருக்கிறது.