தபால்பெட்டியில் விழுந்த கேசட்

சென்ற வாரம் பார்த்த பென்டகன் ஆவண வழக்கில் பத்திரிகைக்கு எதிரே நின்றது அரசாங்கம். அங்கே யார் பக்கம் நிற்பது என்பதில் நமக்குக் குழப்பமில்லை. இந்த வாரம் எதிரே நிற்பவர்கள் பள்ளி ஆசிரியர்கள்.

1993. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். ஆசிரியர் சங்கத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் நடந்த சம்பளப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. சங்கத்துக்காகப் பேரம் பேசிய பெண்மணி ஒருநாள் காரிலிருந்து செல்போனில் சங்கத் தலைவரிடம் பேசினார். நிர்வாகம் இறங்கி வராவிட்டால் நிர்வாகக் குழு உறுப்பினர்களின் வீட்டுக்கே போய் முன்வாசல் திண்ணையைத் தகர்க்க வேண்டியதுதான் என்கிற தோரணையில் தலைவர் பொரிந்து தள்ளினார். அதை யாரோ ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து, சங்கத்தை எதிர்த்துவந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் தபால்பெட்டியில் கேசட்டைப் போட்டுவிட்டுப் போனார். ஒட்டுக்கேட்டவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கேசட் கைமாறி ஒரு வானொலித் தொகுப்பாளரிடம் வந்தது. அவர் அதை ஒலிபரப்பினார்.

ஒட்டுக்கேட்பது குற்றம். ஒட்டுக்கேட்டது என்று தெரிந்தே வெளியிடுவதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். போனில் பேசிய சங்கத்துக்காரர்கள் இருவரும் வழக்குப் போட்டார்கள். பார்ட்னிக்கி எதிர் வாப்பர் என்ற அந்த வழக்கில் 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஊடகத்தின் பக்கம் சாய்ந்தது. திருட்டில் பங்கில்லாதவர் பொதுநலன் சார்ந்த ஓர் உண்மையை வெளியிட்டால் தண்டிக்கக்கூடாது என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ்.

பத்திரிகைக்காரர்கள் இந்தத் தீர்ப்பை மார்தட்டிச் சொல்வதுண்டு. அந்த ஆறு பேரில் இருவரை மட்டும் மறந்துவிடுவார்கள். நீதிபதி பிரையரும் ஓ'கானரும் சேர்ந்து தனியாக ஒரு கருத்து எழுதினார்கள்: பேச்சில் வன்முறை மிரட்டல் இருந்ததால்தான் எங்கள் ஆதரவு, எல்லா அந்தரங்கத்துக்கும் இது பொருந்தாது. அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் போயிருந்தால் கணக்கு தலைகீழ். இதில் எனக்கொரு நெருடல் உண்டு. கேசட் ஒலிபரப்பானபோது சம்பளத் தகராறு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தது. திண்ணைகளும் பத்திரமாகத்தான் இருந்தன. ஆபத்தைத் தடுக்க அந்த ஒலிபரப்பு தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது.

எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கேட்டதும் லேசான கேள்வியல்ல. யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயத்தில் சாதாரண ஜனங்கள் போனில் வாய் திறக்கவே தயங்கினால், அவர்களுடைய பேச்சுரிமை என்ன ஆவது? ஆனாலும் என் ஓட்டு ஸ்டீவன்ஸுக்குத்தான். சங்கத் தலைவர் பொதுப்பணத்தின் மீது பேரம் பேசிக்கொண்டிருந்தவர். அவர் வாயிலிருந்து வந்த மிரட்டல் அவருடைய சொந்தச் சமாச்சாரம் ஆகாது.

படுக்கையறை? அங்கே கதை வேறு. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் அந்தரங்க வீடியோ காக்கர் இணையதளத்துக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது; எடுத்தது அவர்கள் அல்ல. 2012-இல் அதன் ஒரு பகுதியை வெளியிட்டார்கள். 2016-இல் ஃபுளோரிடா ஜூரி விதித்த நஷ்டஈடு 14 கோடி டாலர். அதே ஆண்டு காக்கர் திவாலாகி, தளத்துக்குப் பூட்டு விழுந்தது. ஹோகனின் வழக்குச் செலவுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவர் பீட்டர் தீல் என்ற கோடீஸ்வரர். காக்கர் மீது அவருக்கிருந்த பழைய பகை பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)