பாம்புண்ணிக் கழுகு

பாம்புக்குப் பகை கருடன் என்பது முன்னோர் வழிவழி கூறிவந்த செய்தி. கருடனெனக் கருதி மக்கள் கைகூப்பித் தொழுவது வெண்டலையும் செம்மேனியும் வாய்ந்த செம்பருந்தையே. ஆயின், அதன் உணவு பெரும்பாலும் மீனும் நண்டும் நீர்க்கரையில் இறந்துகிடக்கும் உயிர்களுமாகும். பாம்பையே சிறப்பாக நாடியுண்ணும் பறவை வேறொன்றுண்டு. அதுவே பாம்புண்ணிக் கழுகு. தொழப்பெறுவது ஒன்று, தொழில் புரிவது மற்றொன்று.

மாத்தளை மாவட்டத்து உக்குவளை இப்பறவைக்கு உகந்த நிலம். சுதுகங்கை பாயும் பள்ளத்தாக்கு, இடையிடையே வயல்கள், மிளகும் கொக்கோவும் செழித்த தோட்டங்கள், சரிவுகளில் நெடுமரங்கள் ஆகியன அங்குள. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீரும் மலையைக் குடைந்த சுரங்கவழி வந்து இவ்வாற்றிற் கலக்கின்றது. நீரும் திறந்த நிலமும் உயர்ந்த மரமும் ஒருங்கமைந்த இடமே இக்கழுகின் வேட்டைக்களம்.

இதன் மேனி கரும்பழுப்பு. வயிற்றில் வெண்புள்ளிகள் விளங்கும். பிடரியிற் படிந்திருக்கும் கருமையும் வெண்மையும் கலந்த கொண்டை, சினங்கொண்டபோது விசிறிபோல் விரியும். பறக்குங்கால் சிறகின் அடியிலும் வாலிலும் அகன்ற வெண்பட்டை தோன்றும். 1790இல் லேதம் என்னும் ஆங்கில அறிஞர் இதற்குச் 'சீலா' என்று பெயரிட்டார். அது பருந்தைக் குறிக்கும் இந்திச் சொல்லின் வழிவந்தது. இலங்கைக் கிளையினத்தைப் பிளைத் என்பார் 1852இல் விவரித்தார்.

காலை வெயில் ஏறியதும் வானில் வட்டமிட்டு உரத்துக் கூவும். வேட்டையாடுங்கால் மரக்கிளையில் நெடுநேரம் அசையாதிருந்து, புல்லிடை ஊரும் பாம்பைக் கண்டவுடன் பாய்ந்து பற்றும். பல்லியும் தவளையும் எலியும் நண்டும் இதற்கு இரையாகும். பாம்பின் நஞ்சு இதனை ஒன்றும் செய்யாதென்பது மக்கள் நம்பிக்கை. உண்மையில் இதனைக் காப்பன கால்களைப் போர்த்த கடுஞ்செதில்களும் அடர்ந்த இறகுகளும் தாக்கும் விரைவுமே. நஞ்சு குருதியிற் கலந்தாற்றான் கொல்லும். இரையோடு வயிற்றுட் சென்ற நஞ்சு செரித்துவிடும்.

ஆற்றோரத்து நெடுமரத்திற் சுள்ளிகளால் கூடமைத்துப் பசுந்தழை பரப்பிப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். பெண்பறவை ஐந்தாறு வாரம் அடைகாக்க, ஆண்பறவை காவல் புரியும். குஞ்சு பறக்க ஏறக்குறைய இரு மாதம் செல்லும். ஆண்டிற்கு ஒரு குஞ்சே வளர்க்கும் இனத்தில், ஒரு பறவையின் அழிவும் பேரிழப்பாகும்.

இத்தகைய பறவையைக் கோழிக்குஞ்சு கவரும் கள்வனென எண்ணிக் கல்லெறிவாரும் சுடுவாரும் உளர். கோழியைக் கவர்வது பெரும்பாலும் குடுமிப் பருந்து. அதன் கொண்டை நீண்டு நிமிர்ந்து நிற்கும். கால்களை விரல்வரை இறகு மூடியிருக்கும். பாம்புண்ணிக் கழுகின் கால்களோ இறகற்று மஞ்சளாயிருக்கும். கண்ணைச் சூழ்ந்த தோலும் மஞ்சளே. அது கோழியைத் தொடுவது அரிது. காலை நோக்கினாற் கள்வன் யாவன், காவலன் யாவன் என்பது விளங்கும்.

எலியையும் அவ்வெலியைத் தேடி வரும் பாம்பையும் குறைக்கும் இப்பறவை, வயலிலும் தோட்டத்திலும் கூலி பெறாது உழைக்கின்றது. ஆற்றோரத்து முதுமரங்களை வெட்டாது விடுதலும், எறியக் கல்லெடுக்குமுன் ஒருகணம் உற்றுநோக்குதலுமே அது நம்மிடம் வேண்டும் கைம்மாறு. வானத்துக் கருடனைக் கைகூப்பும் நாம் மரக்கிளையிலிருக்கும் இக்காவலனையும் அறிதல் வேண்டும்.