குட்டி இளவரசன் கழக்கூட்டத்துக்கு வந்தால்: கதை படித்த பிள்ளைகளுக்குச் சில செய்பணிகள்

ஜூன் பிறந்து, பள்ளி திறந்து, மழையும் பிடித்துக்கொண்டால் நம் பிள்ளைகள் பையில் ஒரு கூடுதல் வேலையோடு வீட்டுக்கு வருவார்கள். ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். இங்கே நூலக இயக்கத்தைக் கட்டி எழுப்பிய பி. என். பணிக்கர் 1995ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் மறைந்தார். 1996 முதல் அந்த நாளும் அதையொட்டிய வாரமும் புத்தகங்களுக்கு உரியவை. பிள்ளை ஒரு நூலைப் படித்து அதைப் பற்றி 'ஆஸ்வாதனக் குறிப்பு' எழுத வேண்டும். நம்மவர் வீடுகளில் அந்தக் குறிப்பு மலையாளத்தில் எழுதப்படும், இல்லையென்றால் ஆங்கிலத்தில். தமிழில் எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

தும்பா ஏவுதளத்தை ஒட்டி வேலைக்கு வந்தவர்கள், 1990இல் டெக்னோபார்க் உருவான பிறகு கணினி வேலைக்கு வந்தவர்கள், காரியவட்டம் வளாகத்துக்குப் படிக்கவும் கற்பிக்கவும் வந்தவர்கள் என்று கழக்கூட்டத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும், தமிழில் சண்டை போடும், பாட்டியிடம் போனில் கொஞ்சும். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் பஸ் போர்டு படிப்பதுபோல எழுத்துக்கூட்டும். ஆண்டுவிழா மேடையில் பத்துக் குறளை ஒப்பித்து இறங்கினால் கடமை முடிந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். ஒப்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் புதிதாக ஒரு தமிழ்ச்சொல் தேவைப்படுவதே இல்லை. தேவைப்படாத சொல் நாக்கில் ஒட்டுமா?

அந்தத் தேவையை உண்டாக்கும் வழி ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. ஒரு மாயக் கதையை, கற்பனை நாவலைத் தமிழில் படிக்க வைத்து, அதற்குப் பதிலாகப் பிள்ளை தன் கையால் ஏதாவது ஒன்றைச் செய்ய வைப்பது. பள்ளியில் 'ப்ராஜெக்ட்' என்பார்கள். நாம் செய்பணி என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் மாயக் கதை? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை, அதாவது வியப்பு, நான்கு வழிகளில் பிறக்கும் என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, அளவுக்கு மிஞ்சிப் பெரியது, நம்ப முடியாத அளவு சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. மாயக் கதை என்று உலகத்தில் எதை எடுத்தாலும் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும். வியந்த பிள்ளை சும்மா இருக்காது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பேராசிரியை லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் எழுதிய நூலில், இலக்கியம் தாளில் மட்டும் இருப்பதன்று, படிப்பவரும் நூலும் சந்திக்கிற இடத்தில் நிகழ்வது என்று வாதாடினார். இன்றைய பள்ளிகளில் பிள்ளையின் மறுமொழிக்குக் கிடைத்திருக்கும் மதிப்புக்கு அவர் எழுத்து ஒரு முக்கியக் காரணம். மெய்ப்பாடு என்ற சொல்லை அறிந்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்ற வேண்டியதில்லை.

நான் எடுத்துக்கொண்ட நூல் 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு விமானி அந்துவான் து செந்த் எக்சுபெரி எழுதி, தானே படமும் வரைந்து, 1943இல் நியூயார்க்கில் வெளிவந்தது. தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரே பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க, க்ரியா 1981இல் வெளியிட்டது. சிறிய புத்தகம், சின்னச் சின்ன அத்தியாயங்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளையும் ஒரு விடுமுறையில் முடித்துவிடலாம். தொல்காப்பியர் சொன்ன நான்கும் இதில் உண்டு: வேறொரு கிரகத்திலிருந்து வந்த சிறுவன், கிரகத்தையே பிளக்கும் பேருருவ மரம், ஒரு வீட்டளவே உள்ள கிரகம், தொப்பியாகத் தெரிந்து யானையை விழுங்கிய மலைப்பாம்பாக மாறும் படம்.

செய்பணிகளைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான வீடுகளில் ப்ராஜெக்ட் என்றால் என்ன நடக்கிறது? முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு ஞாபகம் வரும். அப்பா சார்ட் பேப்பரும் தெர்மோகோலும் வாங்க ஓடுவார். அம்மா இணையத்தில் எடுத்த படங்களை வெட்டி ஒட்டுவார். பிள்ளை தூங்கிப்போகும். காலையில் பளபளவென்று ஒரு கிரகம் பள்ளிக்குப் போகும். நூலை ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இதையெல்லாம் செய்துவிடலாம் என்பதுதான் கோளாறு. ஆகவே என் அளவுகோல் ஒன்றே: நூலைத் திரும்பத் திறக்காமல் முடிக்கக்கூடிய பணி செய்பணியே அல்ல.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். நாலாவது கிரகத்தில் ஒரு வியாபாரி நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அவர் கணக்கு 50,16,22,731. இதைத் தமிழில் எழுத்தால் எழுதி, அவருடைய கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தயாரிக்கச் சொல்லுங்கள். ஐம்பது கோடியே பதினாறு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதில் மூன்று இடத்தில் தடுக்கும். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் எண் இருபதோடு தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் 'ட்வென்டி ஒன்'தான். எழுநூறு ஏன் 'எழுநூற்று' ஆகிறது என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும், அதற்காகத்தானே இந்தப் பாடு.

அடுத்தது டெக்னோபார்க் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் உரியது. இளவரசனின் கிரகத்துக்குக் கதையில் பி 612 என்று பெயர். 1993இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு வானியலார் 46610 என்ற வரிசை எண்ணும், பிரெஞ்சில் 'பி-ஆறு-பன்னிரண்டு' என்று பொருள்படும் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். காரணம் கணினிக்காரர்களுக்குச் சட்டென்று தெரியும். பத்தை அடியாக வைத்து எண்ணாமல் பதினாறை அடியாக வைத்து எண்ணும்போது 9க்குப் பிறகு 10 முதல் 15 வரை ஏ, பி, சி என்று எழுத்துகள் வரும். பி என்றால் 11. அப்படியானால் பி612 என்பது 11 முறை 4096, 6 முறை 256, 1 முறை 16, மேலும் 2. கூட்டினால் 46,610. இந்தக் கணக்கை வீட்டில் பெற்றோர் தமிழிலேயே விளக்கிச் சொல்ல, பிள்ளை அதை ஒரு பக்கக் குறிப்பாக எழுத வேண்டும். அலுவலகத்தில் என்ன செய்கிறோம் என்று தமிழில் பிள்ளையிடம் பேசவே வராத பெற்றோர் பலர். அவர்களுக்கும் இது ஒரு வீட்டுப்பாடம்தான்.

அந்தக் கிரகத்தை முதலில் கண்டவர் ஒரு துருக்கிய வானியலார் என்கிறது கதை. 1909இல் அவர் அறிவித்தபோது அவர் உடையைப் பார்த்து யாரும் நம்பவில்லை. 1920இல் ஐரோப்பிய உடையில் வந்து அதையே சொன்னபோது எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த வானியலாரின் நாட்குறிப்பில் இரண்டு நாள்களை எழுதச் சொல்லலாம். கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தேன். மற்றவர்கள் தொப்பி, கோட்டு என்று எழுதிக்கொண்டிருக்க, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வேறு மாதிரி எழுதினாள். அவளுடைய வானியலார் மலையாள வகுப்பில் எழுந்து சரியான பதிலைச் சொல்கிறார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் 'பாண்டி' என்கிறது. பதில் சரியா தப்பா என்று யாரும் பார்க்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "நான் இதை வீட்ல சொன்னதில்ல ஆன்ட்டி" என்றாள். அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. கதையை வைத்துப் பேசியதால் வந்த பேச்சு அது. நேரடியாகக் கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஐந்தாவது கிரகத்து விளக்கேற்றுபவர் இன்னும் நெருங்கி வருவார். அவருக்கு இடப்பட்ட கட்டளை மாலையில் விளக்கை ஏற்றி காலையில் அணைப்பது. கிரகம் வேகம் கூடிக் கூடி நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்துவிட்டது, கட்டளை மட்டும் மாறவில்லை. 24 மணி நேரத்தில் 1,440 அந்தி. தூக்கமே கிடையாது. ஆறு கிரகங்களில் இவர் ஒருவரோடுதான் சிநேகமாக இருக்கலாம் என்று இளவரசன் நினைக்கிறான். இவரைப் பேட்டி காணச் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப நைட் ஷிப்ட் பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் அவரிடம், "எப்ப சாப்பிடுவீங்க? உங்க கிரகத்துல ஞாயிற்றுக்கிழமை உண்டா?" என்று கேட்டார்கள். பேட்டிக்குப் பேச்சுத் தமிழே சரி. எழுத்துநடைக்கு மாற்றச் சொன்னால் உயிர் போய்விடும்.

நரி வரும் அத்தியாயத்துக்கு ஒரு முழு வாரம் கொடுக்கலாம். தன்னைப் பழக்கிக்கொள்ளுமாறு நரி இளவரசனிடம் கேட்கிறது. முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் இதற்கு 'டேம்' என்ற சொல் வந்தது. நம் மொழியில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு வரச் சொல்லுங்கள். பழக்குதல் என்பார்கள். மாடு கன்று வைத்திருந்த வீட்டுத் தாத்தா வசக்குதல் என்பார். காளையை ஏருக்கு வசக்குவது. இன்னொரு பாட்டி, பூனை நம்மிடம் 'அண்டும்' என்பார். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியைக் கேட்டால் காட்டு யானையை 'மெருக்குவது' என்பார். கோட்டூரில் யானைகளைப் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கம். அதோடு 'இணக்குக' என்றும் ஒன்று சொல்வார். அங்கே பிள்ளை நிற்கும்: இணக்கம், இணங்கு, இணை எல்லாம் நம்மிடமும் இருக்கிறதே! வசக்குவதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இணக்குவதில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். நரி கேட்டது எது? எங்கள் திண்ணையில் இது அரை நாள் சண்டையாக நடந்தது. சொற்களை அட்டையில் எழுதி, எது நரிக்குப் பொருந்தும், ஏன் என்று ஆளுக்கு நாலு வரி எழுதினார்கள். மலையாளம் கற்பதால் தமிழ் கெட்டுப்போகிறது என்று அஞ்சும் பெற்றோர் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இடத்தோடு சேர்ந்த பணிகளும் உண்டு. இளவரசன் தன் கிரகத்தில் முளைக்கும் பாவோபாப் கன்றுகளைத் தினமும் பிடுங்குகிறான். இளசில் அவை ரோஜாச் செடி போலவே இருக்கும், விட்டால் கிரகம் தாங்காது. ஆப்பிரிக்க மரமான இது நம் இராமநாதபுரம் சீமையிலும் உண்டு. பெருக்கமரம், பப்பரப்புளி, ஆனைப்புளி என்றெல்லாம் தமிழில் அதற்குப் பெயர். கழக்கூட்டத்துப் பிள்ளை அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆக்குளம் காயலை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையைப் பார்த்தாலே போதும். ஊதாப் பூவோடு அழகாகத்தான் இருக்கும். 'நம்ம ஊர் பாவோபாப்' என்று ஓர் எச்சரிக்கைச் சுவரொட்டி, கதையில் வரும் எச்சரிக்கையைப் போலவே.

ஆறாவது கிரகத்துப் புவியியலாளர் வெளியே போகவே மாட்டார். ஊர்சுற்றிகள் கொண்டுவரும் சேதிக்கு அத்தாட்சி கேட்பார். பிள்ளை ஓர் ஊர்சுற்றியாகித் தும்பாவைப் பற்றி அவருக்கு அறிக்கை கொடுக்கலாம். காந்த நடுக்கோடு பக்கத்தில் செல்வதால் இந்த மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மரிய மதலேனாள் ஆலயம் அலுவலகமாயிற்று, இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் இங்கிருந்து புறப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி, அது வானில் தூவிய சோடியம் ஆவிக்கருவி பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. இளவரசனைப் படைத்தவரின் நாடு! அந்த ஆரஞ்சு நிற மேகத்தைக் குட்டி இளவரசன் மேலிருந்து பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று ஒரு பத்தி சேர்க்கலாம். அத்தாட்சியாக ஒரு செம்பூரான்கல் துண்டு, ஒரு கிளிஞ்சல், ஒரு தும்பைப்பூ. தும்பைச் செடியால்தான் தும்பாவுக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஓணப் பூக்களத்தில் இடும் அந்தச் சின்னப் பூவைப் போர்த் திணை ஒன்றுக்குப் பெயராக வைத்தவர்கள் நாம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

சூரியன் மறைவதை இளவரசன் ஒரே நாளில் நாற்பத்துச் சொச்சம் முறை பார்த்த அத்தியாயத்துக்கு வேளி கடற்கரையே வகுப்பறை. சென்னையிலிருந்து வந்த பிள்ளைக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும், இங்கே மறைகிறது. பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் 43, 44 என்று மாறுவதையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். குடிகாரர் வரும் மூன்றாவது கிரகத்தைச் சில பெற்றோர் தாண்டிப் போகிறார்கள். தாண்ட வேண்டாம்; பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும்.

இனி நடைமுறை. தமிழ் எழுத்து வராத பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டட்டும். முதல் எழுத்துப்படியை மலையாள எழுத்தில் தமிழாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு தமிழில் பெயர்த்தெழுதலாம். இரண்டிலும் ழ, ற உண்டு என்பதால் ஆங்கில எழுத்தைவிட இது நல்லது. சிவப்பு மையால் திருத்த வேண்டாம். பரிசும் வேண்டாம், பரிசு என்றவுடன் பெற்றோர் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எழுதியதை எல்லாரும் கேட்க வாசிப்பதே போதும், சுண்டல் இருந்தால் நல்லது.

இதை முடித்த பிள்ளைகள் அடுத்து எதைப் படிக்கலாம் என்றால், நம் பக்கத்து நாகர்கோவில்காரரான ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில் தொடராக எழுதிய 'பனிமனிதன்' இருக்கிறது. இமயமலைப் பயணமும் பரிணாமமும் பௌத்தமும் கலந்த கதை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சரியாக இருக்கும். வரைபடம் வரையத் தோதான நூல். எங்கள் திண்ணைப் பிள்ளைகள் அதில் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறார்கள். பனிக்குத் தமிழில் எத்தனை சொல் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.