இருபது குதிரையும் ஒரு குழாய்த் துண்டும்

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பிக்குப் பனி என்றால் ஒரு சவள், அரைமணி நேரம், முடிந்ததும் ஒரு பிளேன்ரீ. இரண்டு கார் நிற்கிற டிரைவ்வேக்கு அது போதும். நாங்கள் இருப்பது அங்கிருந்து வடமேற்கே, ஒன்றாரியோவின் டஃபரின் கவுண்டியில், ஷெல்பேர்ன் ஊரைத் தாண்டி. வீட்டிலிருந்து தெருவுக்கு 100 மீற்றர் சரளைக்கல் பாதை, மூன்றரை மீற்றர் அகலம். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அதன்மேல் கிடப்பது 70 கன மீற்றர். புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தால் 7 தொன். மார்ச் மாத ஈரப்பனி இதைப்போல் மூன்று மடங்குகூடக் கனக்கும்.

வானத்திலிருந்து விழுவதோடு கணக்கு முடிவதில்லை. வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று, இன்னும் உறையாத ஹூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, எங்கள் மேட்டுநிலத்தில் ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். கொட்டி முடிந்தாலும் காற்று ஓயாது. உருளைக்கிழங்கு விளையும் திறந்த வெளி இது. மெலங்க்தன் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. வயலில் விழுந்ததை அந்தக் காற்று கிளப்பி வந்து, நேற்றுத் துப்புரவாக்கிய பாதையில் இன்று சேர்த்துவிடும். கண் தெரியாத பனிப்புழுதியில் 10ஆம் இலக்க நெடுஞ்சாலையையே பொலிஸ் மூடிவிடுவதுண்டு.

கொஞ்சம் காணியோடு வீடு வைத்திருக்கிற இந்தப் பக்கத்து ஆட்களில் பலரிடம் ஒரு சின்ன டிராக்டர் நிற்கும். கூபோட்டா என்றால் செம்மஞ்சள், ஜோன் டியர் என்றால் பச்சை. இருபது சொச்சம் குதிரைவலு, டீசல், நான்கு சில்லும் இழுக்கும். கோடையில் புல் வெட்டும், மண் அள்ளும். பனியையும் முன்வாளியால் அள்ளிவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். அள்ளலாம். அள்ளி, பின்னுக்கு வந்து, திரும்பி, கொட்டி, மறுபடி முன்னுக்குப் போய், ஏழு தொன்னையும் அப்படி அள்ளி முடிக்கிறபோது வேலைக்குப் போகிற நேரம் தாண்டிவிடும்.

விற்கிறவர்கள் குதிரைவலுவைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் ஒருநாளும் குறை வந்ததில்லை. வந்ததெல்லாம் வாளியின் விளிம்பிலும், சில்லின் பிடிமானத்திலும், தள்ளிய பனியை எங்கே வைப்பது என்பதிலும்தான். இவற்றுக்குக் கடையில் சாமான் உண்டு, நல்ல விலையும் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு என் பாதையின் கல்லைத் தெரியாது.

முதல் பனி விழும்போது நிலம் இன்னும் இறுகியிருக்காது. அப்போது இரும்பு விளிம்பை இறக்கித் தள்ளினால் பனியோடு சரளையும் சேர்ந்து புல்தரைக்குப் போய்விடும். ஏப்ரலில் அதையெல்லாம் வாரியால் திரும்ப வார வேண்டும். வாராமல் விட்ட கல் புல் வெட்டும்போது எகிறிப் பறக்கும். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இதற்குச் சொன்ன வைத்தியம் ஒரு குழாய்த் துண்டு. வாளியின் அகலத்துக்கு ஒரு குழாய் எடுத்து, நீளவாக்கில் கிரைண்டரால் ஒரே ஒரு கீறல். விளிம்புத் தகட்டின் தடிப்பைவிட மயிரளவு அகலமாகக் கீற வேண்டும். பிறகு அதை விளிம்பில் செருகி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டி ஏற்றி, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் சரி. கூரான விளிம்பு இருந்த இடத்தில் இப்போது உருண்டை முதுகு. கல்லைத் தோண்டாமல் அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். பிவிசி குழாய் மலிவு. ஆனால் கீறக் கீற வாயை மூடப் பார்க்கும், ஆப்பு வைத்துக்கொண்டே போக வேண்டும். கடும் குளிரில் வெடிக்கவும் செய்யும். இரும்புக் குழாய்தான் என் தெரிவு. ஜனவரியில் பாதை கட்டியாக உறைந்த பிறகு குழாயைக் கழற்றிவிட்டால், விளிம்பு ஐஸை நன்றாகச் சுரண்டும்.

பிடிமானம் எடையில் இருக்கிறது. முன்னால் பாரம் தூக்கினால் பின்சில்லு லேசாகிச் சும்மா சுற்றும். பின்சில்லுக்குச் சங்கிலி போடுவது ஒரு வழி. ரயருக்குள் உறையாத திரவம் நிரப்புவது இன்னொன்று: சிலர் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர் விடுவார்கள், சிலர் பீற்றூட் சாற்றுக் கழிவு. பின்னது தண்ணீரைவிடக் கனம், உப்புக் கரைசலைப்போல் இரும்பை அரிக்காது. நான் செய்தது கொங்கிறீட். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாயைப் பாதியாக வெட்டி நிரப்பினால் 240 கிலோ. அதற்குள் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியையும் நிமிர்த்தி ஒரு சட்டத்தையும் புதைத்துவிட்டால், டிராக்டரின் பின்கைகள் மூன்றும் அதைக் கவ்விக்கொள்ளும்.

அந்த மூன்று கைகளுக்குத்தான் நான் நன்றி சொல்வேன். ஹரி ஃபேர்குசனின் கண்டுபிடிப்பு அது. 1939இல் ஃபோர்ட் 9என் டிராக்டரில் பெருமளவில் வந்தது. பிறகு எல்லாக் கம்பனிகளும் ஒரே அளவுக்கு வந்துசேர்ந்தன. எங்களுடையது போன்ற சின்ன டிராக்டர்களில் கீழ்க்கை ஊசியின் தடிப்பு எட்டில் ஏழு அங்குலம். அதனால்தான் ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிற என் சிநேகிதன் ஒட்டிய இரும்பு, யப்பானில் செய்த டிராக்டரில் போய்ப் பூட்டுகிறது. வாளியின் மேல்விளிம்பில் சங்கிலி மாட்டக் கொழுக்கி ஒட்டித் தரச் சொன்னபோது அவன் முதலில் மறுத்துவிட்டான்.

“மச்சான், சும்மா கொழுக்கியை மட்டும் ஒட்டினா வாளித் தகடு வளைஞ்சு போகும். அடியில நீளமா ஒரு பட்டம் வைச்சுத்தான் ஒட்டவேணும்.”

“அப்ப தலைக்கு மேல இருக்கிற வளையத்தில லைற் பூட்ட ஒரு ஓட்டை?”

“அதில கை வைக்கமாட்டன். கவிழ்ந்தா உன்ரை உயிரைக் காப்பாத்திற சாமான் அது. கவ்வி போட்டுப் பூட்டு.”

சரியாகத்தான் சொன்னான். டிராக்டர் கவிழும்போது ஓட்டுபவரை நசுங்காமல் காக்கிற அந்த வளையத்தில் துளையிடுவதும் ஒட்டுவதும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். வீட்டில் செய்கிற வேலைக்கு எல்லை அங்கே.

பெப்ரவரி வந்தால் வாளியாலோ தகட்டாலோ பனியைத் தள்ளுபவர்கள் திண்டாடுவார்கள். தள்ளிய பனி இரண்டு பக்கமும் கரையாக உயர்ந்து, இறுகி, பாதையை ஒடுக்கிக்கொண்டே வரும். அதை நகர்த்த இந்த டிராக்டருக்கு வலு போதாது. அப்போதுதான் பனியைத் தூக்கி எறிகிற புளோவர் வேண்டியதாகிறது. இந்த யோசனைக்கு எங்கள் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. சுழலும் பனி எந்திரத்துக்கு 1869இல் காப்புரிமை எடுத்தவர் ரொறன்ரோப் பல் வைத்தியர் ஜே. டபிள்யூ. எலியட். அதை மேம்படுத்தி ரயில் பாதைக்குக் கொண்டுவந்தவர் ஒரேஞ்ச் ஜல், ஒரேஞ்ச்வில்லில் மாவாலை நடத்தியவர். தெருவுக்கு வந்தது மொன்றியல் பக்கத்து ஆர்தர் சிகார் 1925இல் செய்த வண்டியோடு. பல் வைத்தியரும் மாவாலைக்காரரும் தொடங்கிய தொழிலில் நாங்கள் வீட்டுக் கொட்டிலில் கை வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்று நினைக்கிறேன்.

பின்னால் பூட்டுகிற புளோவர் மலிவு. விலை கழுத்தில் தெரியும், முழுப் பாதையையும் திரும்பிப் பார்த்தபடி ரிவேர்ஸில் ஓட்ட வேண்டும். உலர்ந்த பனியில் பிரச்சினை இல்லை, அழகாகப் பறக்கும். சோறு குழைந்ததுபோல் ஈரப்பனி வந்தால் புகைபோக்கி மாதிரி நிற்கிற வாய் அடைத்துவிடும். காரணம், உள்ளே சுற்றும் விசிறி இறக்கைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே இருக்கிற இடைவெளி. அதற்குள் பனிச்சேறு வழுக்கி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய கன்வேயர் பெல்ற் ரப்பரைத் துண்டு வெட்டி, ஒவ்வொரு இறக்கை நுனியிலும் போல்ட் போட்டு, கூட்டைத் தொட்டும் தொடாமல் நிற்க வைத்தால் இடைவெளி அடைபடும். பிறகு சேற்றையும் துப்பும். வாயைத் திருப்ப ஒவ்வொரு தடவையும் கைப்பிடி சுற்றாமல் இருக்க, உடைந்த காரின் வைப்பர் மோட்டார் ஒன்றைப் பூட்டி ஆசனத்துக்குப் பக்கத்தில் சுவிட்ச் வைத்துக்கொண்டேன்.

இரண்டு இடத்தில் மட்டும் கைவேலைக்காரர் அடங்கிப்போக வேண்டும். புளோவரில் மென்மையான இரும்பில் ஒரு போல்ட் இருக்கும். பனிக்குள் உறைந்து கிடக்கிற பத்திரிகைக் கட்டையோ விறகையோ விழுங்கினால் அது முறிந்து கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று உறுதியான போல்ட் போட்டால் அடுத்து முறிவது கியர்ப்பெட்டி. மற்றது அடைத்த வாய். என்ஜினை நிறுத்தி, எல்லாம் அசையாமல் நின்ற பிறகும் கையை விடக்கூடாது. உள்ளே இறுகி நிற்கிற விசை அடைப்பு விலகியதும் இறக்கையை ஒரு வெட்டு வெட்டும். தடி எதற்கு இருக்கிறது? நான் அதைப் புளோவரிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும், எல்லாம் முடிந்து உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நகரசபையின் பெரிய வண்டி தெருவில் வரும். எங்கள் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு உப்பும் ஐஸும் கலந்த கட்டிகளை விட்டுவிட்டுப் போகும். அதைத் தெருவுக்கு மறுபக்கம் தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அனுமதியில்லாமல் தெருவில் பனி போடுவதை ஒன்றாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது. வாசலில் அந்தக் கட்டிகள் சேராமல் தடுக்க எந்திரம் தேவையில்லை, இடம்தான் தேவை. தெருவைப் பார்த்து நின்றால் வண்டி இடது கையிலிருந்து வரும். வாசலுக்கு இடதுபுறம் தெருவோரத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்குக் குழிவாகத் துப்புரவாக்கி வைத்தால், அதன் தகட்டில் இருப்பதில் பெரும்பகுதியை வண்டி அங்கேயே கொட்டிவிட்டு வாசலுக்கு வரும். தள்ளிய பனியை எப்போதும் வலதுபுறமே குவிக்க வேண்டும். இதையும் சொல்லித்தந்தவர் அந்தப் பெரியவர்தான். அவருடைய தபால்பெட்டி தள்ளி நட்ட கம்பத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. பனி வண்டி அடித்தால் ஆடிவிட்டுத் திரும்ப வந்து நிற்கும். எங்களுடையதையும் இந்த வருடம் நிலம் உறைவதற்கு முன் அப்படி மாற்றப்போகிறேன்.