படகு வந்தால் கூடும் சந்தை

மாணவர்களே, கோத்தா கோலா மூடாவின் பாசார் பிசிக் மீன் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? படகு வந்ததும் ஆள்கள் கூடி, விலையைக் காதோடு காதாகக் கிசுகிசுப்பார்கள். மீன் விற்றதும் கலைந்துவிடுவார்கள்.

'செர்வர்லெஸ்' கணினி முறையும் அப்படித்தான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், செர்வர் உண்டு! அதை வாங்கிப் பராமரிக்கும் தொல்லைதான் நமக்கில்லை. வேலை வந்தால் மட்டும் நிரல் விழிக்கும். ஓடிய நேரத்துக்கே கட்டணம். அமேசான் இதற்கான 'லேம்டா' சேவையை 2014இல் அறிவித்தது.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் அதைக்கொண்டு 'ஜிடி-ஸ்கேன்2' கருவியை அமைத்தார்கள். கிறிஸ்பர் முறையில் மரபணுவை எங்கே வெட்டலாம் என்று அது தேடும். ஒரு மரபணுவில் சோதிக்கவேண்டிய இடங்கள் கொஞ்சம், இன்னொன்றில் ஏராளம். வேலையைச் சிறு துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் ஓட்டுவதால் காத்திருப்பு குறையும். யாரும் தேடாத இரவில் கணக்கிடும் செலவும் இல்லை.

லேம்டாவில் ஒரு துண்டு 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது. நாள்கணக்கில் இடைவிடாது தொடரும் கணக்குகளுக்கு வேறு கணினி முறைதான்.